பெயர் சொல்லாத வரி

ஓடைக்கரை மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. தொகுதித் தலைவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக மேடைப் பேச்சு எழுதித் தருபவர் அவர்.

தேர்த் திருவிழா அன்று காலை, கையில் ஒரு தாளோடு மடத்துக்கு வந்தார். பத்து மணிக்குத் தேர் நகரும். அதற்கு முன் தேரடியில் தலைவர் பேச வேண்டும். தாளை வாங்கிப் போக வாசலில் ஜீப் நின்றது.

"சாமி, மூணு நாளா ஒண்ணு உறுத்துது."

"வாசிங்க."

வாசித்தார். அம்மன் கருணை, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு இதமாகப் போயிற்று. பதினோராவது வரியில் குரல் ஏறியது.

"போன வருடம் நம் தாயின் தேரை நடுவழியில் நிறுத்தியவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்!"

பன்னிரண்டாவது வரி திருவிழா வாழ்த்து.

குருவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை வரிக்கு ஒன்றாகத் தொட்டு வந்து, பன்னிரண்டில் நின்றது.

"இதுல யார் பேரும் இல்லை சாமி. பொய்யும் இல்லை, கேள்விதான். வழக்குப் போட முடியாது. தலைவரும் இந்த வரி இல்லாம மேடை ஏற மாட்டேங்கிறார். அப்புறம் ஏன் உறுத்துது?"

"கேக்கிற ஜனங்க என்ன செய்வாங்க?"

"கை தட்டுவாங்க."

"அப்புறம்?"

தணிகாசலம் தெற்குத் தெருப் பக்கம் பார்த்தார்.

சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் தெற்குத் தெருக்காரர்கள் வேலை. போன வருடம் புதுச் சாக்கடை மூடி உடைந்து சக்கரம் உள்ளே இறங்கியது. தேர் இரண்டு மணி நேரம் நின்றது. மூடி போட்ட காண்டிராக்டர் தலைவரின் மைத்துனர். ஆனால் தெற்குத் தெருக்காரர்கள் வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்று ஒரு வருடமாக ஊரில் முணுமுணுப்பு.

அப்போது காத்தவராயன் தோளில் கட்டையோடு உள்ளே வந்தார். தெற்குத் தெருவில் மூத்த கட்டைக்காரர். தேர் நாளில் கட்டைக்கு மடத்தில் குங்குமம் வைத்து வாங்கிப் போவது வழக்கம்.

குரு குங்குமம் வைத்தார். பிறகு, "உட்காருங்கண்ணே. இவர் எழுதின பேச்சைக் கேட்டுட்டுப் போங்க" என்றார்.

"தலைவர் பேச்சா? எனக்குக் கொட்டாவி வருமே சாமி."

"வந்தா விடுங்க. தணிகாசலம், முதல்லேருந்து வாசிங்க."

தணிகாசலம் தாளைப் பிரித்தார். வாசலில் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. வாசித்தார். பத்தாவது வரி முடிந்ததும் நின்றார். தாளைப் பார்த்தார். காத்தவராயனைப் பார்த்தார். வாழ்த்தைச் சொல்லித் தாளை மடித்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. அந்தச் சாக்கடை மூடியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"வரேன் சாமி. இந்த வருஷம் என் பசங்க ரெண்டு பேரும் கட்டை போடுறானுங்க. சக்கரத்துகிட்ட நிக்கச் சொல்லிட்டு வந்தேன்."

அவர் படி இறங்கிப் போனார்.

குரு கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் பதினோராவது கணுவில் இருந்தது.

"ஒரு வரி குறையுதே."

"அவர் எதிர்ல உட்கார்ந்திருந்தாரே சாமி. எப்படி வாசிக்கிறது?"

ஹாரன் மறுபடியும், இந்த முறை நீளமாக ஒலித்தது.

"தேரடியிலயும் எதிர்லதான் நிப்பார்" என்றார் குரு. "ரெண்டு பிள்ளைங்களோட."