பாதி அறுந்த வார்

சேணத்து வாரைப் பாதி அறுத்து வைத்த மகராசன் எவனோ, அவனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?

கல்லூரிக் குதிரையேற்ற அணியில் மிஞ்சியிருந்தது ஒரே இடம். அதற்கு ஆள் எடுக்கும் தேர்வு அன்று காலை. சேணத்தைக் கட்டும்போது குதிரையின் வயிற்றுக்கடியில் போகும் வாரைத் தடவிப் பார்த்தாள் பூவழகி. யாரையும் நம்பாத கை அது. உள்பக்கம் கத்தி பட்டிருந்தது. முதல் தடையைத் தாண்டும்போதே வார் அறுந்து ஆள் தலைகுப்புற விழவேண்டியதுதான்.

அந்த இடம் தன் தம்பிக்குத்தான் என்று விடுதியெல்லாம் சொல்லித் திரிந்த அணித்தலைவன் நரேந்திரன், "என்னம்மா, பயமா? ஏறு, இல்ல வீட்டுக்குப் போ" என்றான்.

வாரைப் பற்றி மூச்சு விடாமல் பூவழகி கடிவாளத்தை அவனிடம் நீட்டினாள். "பயம்தான் அண்ணா. நீங்க ஒரு தடவை இதுல தாண்டிக் காட்டுங்க. பார்த்துட்டு ஏறுறேன்."

"காட்டுப்பா" என்றார் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர்.

கால் வைத்து ஏறும் அங்கவடியைத் தொட்ட நரேந்திரன் கையை எடுத்துக்கொண்டான். "இதுல வேணாம் சார்... என் குதிரையில காட்டுறேன்."

"ஏன், இதுக்கு என்ன குறை?" பயிற்சியாளர் குனிந்து இழுத்தார். வார் கையோடு வந்தது. நரேந்திரனின் முகம் வெளுத்தது.

"அப்ப அண்ணன் குதிரையிலேயே நான் தாண்டுறேன் சார்" என்றாள் பூவழகி. "அறுத்தது யாருன்னு நான் கேட்கலை. எந்தக் கை அறுத்துச்சோ, அதே கை நான் திரும்பி வர்றதுக்குள்ள இதைத் தைச்சு வைக்கணும்!"