செங்கோடனின் கைநாட்டு

நல்லசிவம் இருபது வருடம் கத்தி பிடித்த அறுவை மருத்துவர். கை நடுங்க ஆரம்பித்ததும், வலி மருத்துவம் கற்க ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார். ரெஜினா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் நல்லசிவத்துக்குக் கூச்சமே இல்லை. சட்டதிட்டம் என்று வந்தால் மட்டும் மனிதர் இம்மியும் அசைய மாட்டார்.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம். மார்ஃபின் என்ற வலி மாத்திரை வாங்குபவர், அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்ற ஒப்பந்தத் தாளில் முதல் நாளே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். மாதாமாதம் காலி அட்டைகளைத் திருப்பித் தந்தால்தான் புது மாத்திரை.

அன்று செங்கோடன் வந்திருந்தார். போர்வெல் லாரியில் வேலை பார்த்தபோது குழாய் சரிந்து முதுகெலும்பு நொறுங்கியவர். மாத்திரை இருந்தால் தானே எழுந்து குளிப்பார். இல்லாவிட்டால் படுக்கைதான். காலி அட்டைகளைப் பிசகில்லாமல் கொடுத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். நல்லசிவம் அவருடைய ஒப்பந்தத் தாளோடு நேராக ரெஜினாவின் அறைக்குப் போனார்.

“மேடம், செங்கோடனுக்கு மாத்திரையை நிறுத்தணும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாத்திரை கொடுத்திருக்கார். அவருக்குத் தொண்டையில புற்றுநோயாம், கூட்டிட்டு வர ஆள் இல்லையாம்.”

“அட்டைகள் சரியா இருந்ததா?”

“இருந்தது. இதை அவரே சொன்னார்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனா மேடம், அளவு தெரியாம சாப்பிட்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சே நின்னிருக்கலாம்.”

“நிஜம்தான்” என்று ரெஜினா எழுந்தார். நர்ஸை அழைத்து, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துவர அப்போதே வண்டி அனுப்பினார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, நல்லசிவத்தோடு செங்கோடனிடம் போனார்.

இரண்டு நாளாக மாத்திரை இல்லாமல் செங்கோடன் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்தது தப்புன்னு தெரியுமா?”

“தெரியுமுங்க. அவரு கதறுறதைக் கேக்க மனசு தாங்கலீங்க. அவரையும் ஒருக்கா வந்து பாருங்கன்னு சொல்லத்தான் வந்தேனுங்க.”

“இந்தத் தாள்ல என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?”

“இல்லீங்க. அன்னைக்கு இருந்த வலியில எதைக் காட்டியிருந்தாலும் கைநாட்டு வெச்சிருப்பனுங்க.”

அன்று அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவர் நல்லசிவம்தான். அவர் முகம் சுண்டிப்போனது.

ரெஜினா ஒரு மாத்திரையைச் செங்கோடனுக்குக் கொடுத்தார். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய தாள் ஒன்றை மேசையில் வைத்தார்.

“வலி அடங்கட்டும். அப்புறம் உக்காந்து வரிவரியாப் படிச்சுக் காட்டுறேன். முடியாததை முடியாதுன்னு சொல்லுங்க. நாங்க செய்ய வேண்டியதையும் எழுதுவோம்.”

வெளியே வந்ததும் நல்லசிவத்தால் பொறுக்க முடியவில்லை.

“மாத்திரையை முதல்லயே கொடுத்துட்டீங்க, மேடம். வலி அடங்கினதும் கைநாட்டு வைக்க மாட்டேன்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும், டாக்டர். அன்னைக்கு அவரால அதைச் சொல்ல முடியலையே.”