துரு ஏறாத இடம்

பெரிய துப்பட்டியை யாரோ வானத்தில் உதறிக்கொண்டே போவதுபோல் ஒரு சத்தம்.

நஞ்சப்பன் வெல்டிங் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டறைக்கு வெளியே ஓடினான். மேலே வெயில்தான் இருந்தது.

"போயிருச்சுங்க," என்றான் திரும்பி வந்து.

"எது?" சம்பூரணம் தலையைத் தூக்கவில்லை.

"இருவாச்சிதானுங்க. றெக்கைச் சத்தம் வேற எதுக்கும் அப்படிக் கேக்காது. நான் வர்றதுக்குள்ள போயிருச்சு."

"உங்களுக்குத் தரிசனம் குடுத்துட்டுப் போறேன்னு அதுக்கு என்ன வேண்டுதலா?"

அவன் சிரிக்கவில்லை.

சம்பூரணம் அவனைவிடப் பதினோரு வயது இளையவள். தொழில் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவளை அவன் மேஸ்திரி என்பான். அவனை அவள் அண்ணா என்பாள்.

ஆனைமலை அடிவாரத்தில் அவர்கள் பட்டறை. தோட்டங்களில் நட்டுவைக்க, இரும்புத் தகட்டில் இருவாச்சிகள் வெட்டுவார்கள். விற்று வருவது, மலைமேல் உண்மையான இருவாச்சிகள் கூடு வைக்கும் மரங்களின் காவலுக்குப் போகும்.

அது தனி ஜாதி இரும்பு. பெயின்ட் கிடையாது. தண்ணீர் தெளித்து, காயவிட்டு, மறுபடி தெளித்து, துரு ஏற விடவேண்டும். ஏறிய துரு ஒருநாள் தானாக நின்றுவிடும். அப்புறம் அதுவே இரும்புக்குப் போர்வை.

"நாலு வருசமா இதையே வெட்டறேன்," என்றான். "மூக்கு எத்தனை அங்குலம், கொண்டை எவ்வளவு வளைவு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். உசுரோட ஒண்ணைக்கூடப் பாத்ததில்லீங்க மேஸ்திரி."

"ம்."

"கூட்டு மரம் எங்கிருக்குதுன்னு விசாரிச்சுட்டேன். இன்னிக்குப் போறேன்."

ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். உள்ளே கட்டுச்சோறு. ஒருவனுக்கு மட்டும் சமைத்து அவனுக்குப் பழக்கம்.

"பேடு பொந்துக்குள்ள இருக்குது," என்றாள். "வாசலை அடைச்சுக்கிட்டுக் குஞ்சோட உக்காந்திருக்குது. ஆண்தான் இரை கொண்டாந்து ஊட்டோணும். மரத்துக்கிட்ட ஆளைப் பாத்தா, அது வாயில இருக்கிற இரையோட திரும்பிப் போயிரும்."

"ஒரு ஓரமா நிப்பேனுங்க. இருமக்கூட மாட்டேன்."

"ம்."

"கெடுக்கவா போறேன்? ஆசையா ஒருக்காப் பாக்கத்தான் போறேன். அதுகூட இல்லீன்னா எனக்கு இந்த வேலையே வேண்டாமுங்க. நாளையிலிருந்து வரமாட்டேன்."

சம்பூரணம் அடுத்த தகட்டை இழுத்துப் போட்டாள்.

"சரி, போங்க. போறதுக்கு முன்னால, கதவோரமா நிக்கறதை மட்டும் திருப்பி வெச்சுட்டுப் போங்க. முதுகுல வெயில் படட்டும்."

கதவோரம் நின்ற இரும்புப் பறவையை அவனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் பட்டறையைச் சாத்தும்போது அதன் முதுகில் கை வைத்து, "வர்றேன்" என்பான். அந்த ஊரில் அவன் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான்.

மூக்கு முதல் வால்வரை நல்ல அடர்ந்த பழுப்பு. முதுகில் மட்டும் ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் தெளிவாக, துரு ஏறாமல் வெளிறிக் கிடந்தன.

"அது யாரு கைங்ண்ணா?"

நஞ்சப்பன் தன் கையைப் பார்த்தான். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் விரலிடுக்கில் மினுங்கிற்று.

"அந்த இடத்துல தண்ணி ஒட்டவே இல்லை," என்றாள். "எத்தனை தரம் தெளிச்சும் வழிஞ்சு போயிருக்குது. மத்ததெல்லாம் போர்வை போத்திருச்சு. இதை எப்படி மழையில நிறுத்தறது?"

"கெடுக்கோணும்னு தொடலீங்க," என்றான். "ஆசையாத்தானுங்க..."



அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள். தீப்பொறி பறக்க ஆரம்பித்தது.

மலைப் பக்கம் போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நின்றது. போயிற்று.

நஞ்சப்பன் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வாளியில் சோப்புத்தண்ணீர் கலக்கினான். குச்சி நுனியில் துணியைச் சுற்றி, அந்த முதுகை மெதுவாகக் கழுவினான்.

பிறகு வேறு தண்ணீர் பிடித்துவந்து, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு இரும்புப் பறவை மேலும் தெளிக்கத் தொடங்கினான்.