அக்கரையில் இருபத்து மூன்று நாள்

ஒரு காட்டில், வெளியே இருந்து வந்த விலங்குகளுக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. மூன்று மழைக்காலம் ஓடைக்கு இக்கரையிலேயே வாழ வேண்டும். அதற்குள் பத்து நாளுக்கு மேல் அக்கரையில் கால் வைக்கக் கூடாது. இப்படி இருந்து காட்டினால்தான் காட்டுவாசி என்று ஏற்பார்கள். வற்றாத குளத்தில் தண்ணீர் குடிக்க விடுவார்கள். மற்றவர்களுக்குக் கோடை முழுக்கப் பாறையிடுக்கில் கசிகிற தண்ணீர்தான். அதைக் குடிக்க முடியாது, நக்கலாம்.

கணக்கு மரங்கொத்தியிடம் இருந்தது. அக்கரை போனவர் சொன்னாலும் சரி, பார்த்தவர் சொன்னாலும் சரி, வேங்கைமரத்தில் நாளுக்கு ஒரு துளை போடும்.

ஒரு கீரியும் ஒரு முயலும் ஒரே வாரத்தில் அங்கே வந்து சேர்ந்தவர்கள். மூன்றாவது மழைக்காலமும் முடியப் போகிறது. கீரியின் பெயரில் ஒரு துளைகூட இல்லை. ஆனால் அதற்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

ஒருநாள் காலை முயல் பக்கத்தில் வந்தபோது எலுமிச்சைப்புல் வாசம் அடித்தது. அந்தப் புல் அக்கரையில் மட்டும்தான் முளைக்கும்.

"எங்கே தம்பி சாப்பாடு?" என்றது கீரி.

"ஓடைக்கரையிலதான் அண்ணே. தண்ணியில மிதந்து வருது."

"ஓ, புல்லுக்கு நீச்சல் தெரியுமா?"

முயல் சிரித்துவிட்டுப் போய்விட்டது. கீரிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யோக்கியமாக இருக்கிறேன், இவன் திருட்டுத்தனமாகப் போய் மேய்ந்துவிட்டுக் குளத்தில் குடிப்பானா என்று பொருமியது. கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தது. ஓடைமேல் விழுந்து கிடந்த மரத்தின் வழியாக அக்கரை போய், ஒரு தாழம்புதரில் பதுங்கிக்கொண்டது.

சற்று நேரத்தில் நொண்டிக்கொண்டே ஒரு கிழட்டு முயல் வந்தது. எலுமிச்சைப்புல்லைக் கடித்துத் தண்ணீரில் தள்ளியது. புல் மிதந்துபோய் இக்கரையில் ஒதுங்க, அங்கே காத்திருந்த முயல் எடுத்துக்கொண்டது.

"ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா," என்றது கிழட்டு முயல்.

"உனக்குக் கால் உடைஞ்சப்பவே என் பத்து நாளும் தீர்ந்துபோச்சு அக்கா. இன்னும் ஒரு நாள் வந்தா எல்லாம் போச்சு."

விஷயம் அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கீரி போகவில்லை. கூடப் பிறந்த அக்கா கூப்பிட்டால் எவனாவது சும்மா இருப்பானா, இன்று வராவிட்டால் நாளைக்கு வருவான் என்று நினைத்தது. மறுநாளும் அதே புதரில் உட்கார்ந்தது. அதற்கு அடுத்த நாளும்.

கணக்கு பார்க்கும் நாள் வந்தது. எல்லா விலங்குகளும் வேங்கைமரத்தடியில் கூடின. முயலுக்குச் சரியாகப் பத்துத் துளை. அதைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மரங்கொத்தி கேட்டது.

கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தது. "இவன் எதையோ மறைக்கிறான். இருபத்து மூன்று நாள் அக்கரைப் புதரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒருநாள்கூட வரவில்லை. நம்பவே முடியவில்லை."

மரங்கொத்தி தலையைச் சாய்த்தது. "யார் உட்கார்ந்தது?"

"நான்தான்."

"எந்தக் கரையில்?"

கீரியின் வால் மெதுவாகக் கீழே இறங்கியது. "நான் காவலுக்குத்தானே போனேன்?"

"எதற்குப் போனாய் என்று சட்டம் கேட்காது. எங்கே இருந்தாய் என்றுதான் கேட்கும்."

டொக், டொக், டொக். மரங்கொத்தி இருபத்து மூன்று துளை போட்டு முடித்தது. கீரிக்கு முதல் மழைக்காலத்திலிருந்து மறுபடியும் ஆரம்பம்.

முயல் குளத்தில் வயிறு முட்டக் குடித்தது. பிறகு நேராக ஓடைமேல் கிடந்த மரத்தின்மேல் ஏறி அக்கரைக்கு நடந்தது. அது இப்போது காட்டுவாசி, இனி அதற்குத் துளை கிடையாது.

எங்கே போகிறான், என்னதான் செய்கிறான் என்று பார்க்கக் கீரிக்குத் துடித்தது. முன்காலை மரத்தின்மேல் வைத்தது. மேலே மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. கீரி காலை எடுத்துவிட்டது.

நீதி: அடுத்தவன் எல்லை தாண்டுகிறானா என்று பார்ப்பதற்கு முன்னால், உன் கால் எங்கே நிற்கிறது என்று பார்.