பூஜ்யம் போட்ட இடம்

அன்று சோதனை அறையில் இருந்தவர்கள் இருவர். செயற்கை மூட்டுகளின் தேய்மானத்தை அளக்கும் பேராசிரியை கோமதிநாயகி. அவரிடம் அளக்கக் கற்க வந்திருந்த எலும்பு மருத்துவர் அருளப்பன்.

நோயாளி சூசையம்மாள் வரவில்லை, வார்டில் இருந்தார். அவருடைய வலது இடுப்பின் செயற்கை மூட்டிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கிண்ணம் மட்டும் மேசைமேல் இருந்தது. பழுப்பேறியிருந்தது. மீன் கூடை சுமந்த ஒன்பது வருடமும் அதன்மேல்தான் நடந்திருந்தார்.

"இடது பக்கத்தை அப்படியே விட்டுடலாமா, மேடம்?" என்று அருளப்பன் கேட்டார். "ரெண்டையும் ஒரே மாசத்துல நான்தான் வச்சேன். இன்னைக்கு அவங்களை டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்கு அனுப்பணும்."

கோமதிநாயகி கிண்ணத்தைக் காட்டி, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்.

வழக்கப்படி கிண்ணத்தின் உட்புறத்தைப் பத்துப் பாகமாகப் பிரித்ததாகவும், ஒவ்வொன்றுக்கும் சேதத்துக்குத் தக்கபடி பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டதாகவும் அருளப்பன் சொன்னார். விளிம்போரம் முப்பத்தேழு கீறல். அங்கே மூன்று போட்டிருந்தார்.

"இங்கே?"

மேல்பக்கம் ஓர் இடம் கண்ணாடிபோல் பளபளத்தது.

"அங்க ஒரு கீறல்கூட இல்ல. பூஜ்யம்."

கோமதிநாயகி கிண்ணத்தைத் திருப்பி வைத்தார்.

"இடது பக்கத்தைப் பத்தி அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

அருளப்பன் லேசாகச் சிரித்தார். "வலது இடுப்பு மாமியாராம், ஓயாம முனகுமாம். இடது இடுப்பு மருமகளாம், வாயே திறக்காதாம்."

கோமதிநாயகி சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து அதே வகையில் ஒரு புதுக் கிண்ணத்தை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்.

அருளப்பன் குனிந்து பார்த்தார். உட்புறம் முழுக்க மெல்லிய வளையங்கள். கிண்ணத்தைச் செய்தபோது கடைசல் இயந்திரம் விட்ட கோடுகள் என்றார்.

"எண்ணுங்க. விளிம்புல இருந்து அடிவரைக்கும்."

எண்ணினார். அறுபத்துநான்கு.

கோமதிநாயகி பழைய கிண்ணத்தை வைத்தார். கீறல் விழுந்த பக்கத்தில் எண்ணச் சொன்னார். கீறல்களுக்கு நடுவே வளையங்கள் அப்படியே இருந்தன. அறுபத்துநான்கு.

"இப்ப நீங்க பூஜ்யம் போட்ட இடத்துல."

அருளப்பன் எண்ணத் தொடங்கினார். பிறகு விளக்கைச் சாய்த்து வைத்து மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை குனியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அருளப்பன் வார்டுக்குப் போன் செய்தார். சூசையம்மாளை அனுப்ப வேண்டாம், இடது இடுப்பைப் படம் எடுங்கள் என்றார். அந்த அம்மா பையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார், இடது பக்கம் வலியே இல்லை என்கிறார் என்று நர்ஸ் சொன்னார்.

"தெரியும்," என்றார் அருளப்பன். "இறக்குங்க."

போனை வைத்தார்.

கோமதிநாயகி பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

"அங்க தேயாம எத்தனை வளையம் மீதி?"

"மூணு, மேடம்."