வைரத்துக்குள் ஒரு செவ்வெறும்பு

பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, கேளுங்கள். மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் பேர் வைத்து முடிக்காத காலத்தில் கொற்றவேல் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் வைரத்தைக் கண்டால் வாயைப் பிளப்பான்.

அவன் நாட்டில் வெள்ளச்சி என்று ஒருத்தி, இரட்டை மாட்டு வண்டியில் ஊர் ஊராக உப்பு விற்று வந்தாள். ஒரு நாள் மலைப்பாதையில் வண்டிச் சக்கரம் புதைந்தது. மண்ணைத் தோண்டியபோது சுண்டைக்காய் அளவில் ஒரு கல் கிடைத்தது. வெயிலில் பிடித்தால் மின்னியது. உள்ளே அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. செவ்வெறும்பு ஒன்று படுத்துத் தூங்குவதுபோல் இருந்தது. வெள்ளச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முந்தானையில் முடிந்துவைத்து, சும்மா இருக்கும் நேரமெல்லாம் எடுத்துப் பார்ப்பாள்.

அந்த வருஷம் அவளுடைய மாடுகளில் ஒன்று செத்துப்போனது. ஒற்றை மாட்டால் உப்பு வண்டியை இழுக்க முடியுமா? வண்டி ஓடாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. மனசே இல்லாமல் கல்லை எடுத்துக்கொண்டு மணி வணிகன் இரத்தினப்பனிடம் போனாள்.

அவன் அதை வெயிலில் பார்த்தான், நிழலில் பார்த்தான், உள்ளே கொண்டுபோய் விளக்கில் பார்த்தான். திரும்பி வந்து, இது வெறும் பளிங்கு, ஒரு படி உப்புக்குக்கூடப் பெறாது என்று கையில் கொடுத்தான். வெள்ளச்சி குனிந்து பார்த்தாள். எறும்பைக் காணோம். கல்லை மாற்றிவிட்டாயே என்று கேட்டாள். அவன் ஆள் விட்டு அவளைத் துரத்தினான்.

பிறகு அந்தப் புள்ளி தங்கத்துக்குள் மறையும்படி கல்லை மோதிரத்தில் பதித்து அரண்மனைக்குப் போனான். கோடு இல்லை, கறை இல்லை, காக்கைக்கால் போன்ற கீறல் இல்லை, மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக் கல் என்று சத்தியம் செய்தான். ராஜா வாயைப் பிளந்தான்.

அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி முறையிடச் சபைக்குள் வந்து நின்றாள்.

"அந்தக் கல்லு என்னுது ராசா. உள்ள ஒரு செவ்வெறும்பு இருக்கும்."

சபையே சிரித்தது. வைரத்துக்குள் எறும்பு எந்த வழியாகப் போனது என்று அமைச்சர் கேட்டார். இரத்தினப்பன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான், பாவம்.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. தட்டானை அழைத்துக் கல்லைக் கழற்றச் சொன்னான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். எறும்பு இருந்தது.

"இரத்தினப்பா, இந்தப் புள்ளி உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், குறையுள்ள கல்லை என் தலையில் கட்டப் பார்த்தாய். தெரியாது என்றால், இது உன் வீட்டுக் கல்லே இல்லை. எது?"

இரத்தினப்பன் ராஜாவின் காலில் விழுந்தான்.

ராஜா கல்லை வெள்ளச்சியிடம் கொடுத்தான். கொடுத்தானே தவிர, கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கே தருவாயா, என்ன வேண்டும் என்று கூச்சத்தோடு கேட்டான். குறையுள்ள கல் கஜானாவுக்கு ஆகாது என்று அமைச்சர் முணுமுணுத்தார். அந்த எறும்புக்காகத்தான் கேட்கிறேன் என்றான் ராஜா.

வெள்ளச்சி இரண்டு நல்ல மாடுகள் கேட்டாள். அவை இரத்தினப்பன் தொழுவத்திலிருந்தே வந்தன. போகும்போது ஒன்று சொன்னாள்.

"எறும்பைத் தங்கத்துக்குள்ள மூடிராதீங்க ராசா."

ராஜா மூடவில்லை. புள்ளி மேலே தெரியும்படி மோதிரம் செய்து போட்டுக்கொண்டான். உப்பு வண்டியும் பழையபடி ஊர் ஊராக ஓடியது.

ஆகவே பிள்ளைகளே, ஏமாற்றுகிறவன் எதை மறைக்கிறானோ, அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும்.