இரண்டு கூழாங்கற்கள்

ஆலங்காட்டு விலங்குகளுக்கு மைனாக்கள்தான் சேதி கொண்டுவரும். சில நாட்களாக நரியும் அவற்றிடம் பொய்ச் சேதி கொடுத்தனுப்பியது. "மேற்குப் பாறையில் உப்பு கிடக்கிறது, வாருங்கள்!" என்று எல்லோருக்கும் ஒரே பேச்சு வந்தது. நம்பிப் போன மான் திரும்பவில்லை.

குளக்கரையில் கூட்டம் கூடியது. ஆமை ஒரு வழி சொன்னது.

"வரும் சேதியை என்னிடம் சொல்லவேண்டாம். உங்கள் வீட்டு விஷயம் எனக்கெதற்கு? முதல் சொல், கடைசிச் சொல், மொத்தம் எத்தனை சொல். இந்த அடையாளம் போதும். அதற்கு ஒரு கூழாங்கல் வைப்பேன். ஐந்து பேர் ஒரே அடையாளம் சொன்னால், அந்தச் சேதியோடு வரும் மைனாவைக் கரிச்சான் குருவி விரட்டிவிடும்."

"ஐந்தா? அதற்குள் ஐந்து பேர் செத்திருப்போம்! இரண்டு கல் போதும்!" என்றது முயல்.

"சரி, முயலம்மா. ஆனால் எல்லோருக்கும் சொல்லவேண்டிய நல்ல சேதியும் உண்டே? நம்பிக்கையானவர் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் சேதிக்குக் கல் வைக்காமல் விடுகிறேன்."

"நீர்நாய்!" என்றது அணில்.

"அவனா? போன வாரம் நரி நின்ற கரையில்தான் அவனும் மீன் தின்றான். என் கண்ணால் பார்த்தேன்!" என்றது முயல்.

"அப்படியானால் மயில்?"

"தன் தோகையைத் தவிர வேறெதையும் பார்க்காதவன் சேதியா!"

கடைசியில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. சந்தேகம் அன்று அறிவைப் போலவே ஒலித்தது.

மூன்றாம் நாள் காலை, நரி கீழ்ப்புதரில் பதுங்குவதை நீர்நாய் பார்த்தது. உடனே எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை அனுப்பியது. முதலில் அணிலும் மயிலும் அதைக் கேட்டன. சட்டப்படி ஆமையிடம் அடையாளம் கூறின. இரண்டு கற்கள் சேர்ந்துவிட்டன. முயலிடம் வந்த மைனாவைக் கரிச்சான் கொத்தித் துரத்தியது.

"இன்னொரு பொய் ஒழிந்தது!" என்று முயல் சிரித்தது.

சற்று நேரத்தில் வேறொரு மைனா தடையின்றி வந்தது. "முயலக்கா, கீழ்ப்புதரில் இளம்புல் முளைத்திருக்கிறது. உங்கள் குட்டிகளுக்காகச் சொல்லியனுப்பினார்கள்!"

நரி இப்போது ஆளுக்கொரு பேச்சாக அனுப்பத் தொடங்கியிருந்தது.

யார் அனுப்பியது என்று முயல் கேட்கவேயில்லை. காவலைத் தாண்டி வந்த சேதியல்லவா!

இரண்டு குட்டிகளோடு போனது. ஒரு குட்டியோடு ஓடிவந்தது.

"அந்த மைனாவை ஏன்டா விட்டாய்?" என்று கரிச்சானிடம் கதறியது.

"அது உங்களுக்கு மட்டும் வந்த சேதி, அக்கா. ஒரு கல்கூட விழவில்லை. நீங்கள் வைத்த சட்டம்தானே?"

மிஞ்சிய குட்டி முயலின் வயிற்றில் ஒண்டிக்கொண்டது.

நல்லவர் ஒருவரையும் நம்பாதவர், கடைசியில் பொய்யனைத்தான் நம்பவேண்டியிருக்கும்.